அத்தியாயம் 7: பழைய ஃபயர்பிளேஸுக்குள் விறகு இன்சர்ட்

1950களுக்கும் 80களுக்கும் இடையில் ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் எழுந்த செங்கல் வீடுகள் பலவற்றில் வரவேற்பறைச் சுவரில் ஒரு ஃபயர்பிளேஸ் இருக்கும். வீடு பார்க்கப் போகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். குடியேறிய முதல் குளிர்காலத்தில் ஆசையாக விறகு எரிப்பார்கள். அடுத்த வருடம் அதற்குள் மெழுகுவர்த்தியும் மேலே கல்யாணப் படமும் வந்துவிடும். நெருப்பின் எதிரில் இருப்பவருக்கு முகம் சுடுகிறது, மாடியில் படுப்பவருக்குக் குளிர் கூடுகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டிருப்பார்கள்.

திறந்த நெருப்பு விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மட்டுமே அறைக்குத் தருகிறது. அந்தப் பங்குக்கும் விலை உண்டு. எரியும் நேரம் முழுவதும் நிமிடத்துக்குச் சில நூறு கன அடி காற்றை அது வீட்டிலிருந்து உறிஞ்சிப் புகைபோக்கி வழியே வெளியே தள்ளுகிறது. அது ஃபர்னஸ் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று. போன காற்றின் இடத்தை நிரப்ப வெளிக்குளிர் கதவு, யன்னல் இடுக்குகளால் நுழைகிறது. கடுங்குளிர் நாளில் கணக்குப் பார்த்தால் வரவைவிடச் செலவு அதிகமாகிவிடுவதும் உண்டு.

இன்சர்ட் என்பது ஃபயர்பிளேஸின் வாய்க்குள் பொருத்தும் இரும்புப் பெட்டி. உருக்குத் தகட்டிலோ வார்ப்பிரும்பிலோ செய்திருப்பார்கள். கண்ணாடிக் கதவு இறுக மூடும், காற்று வருவதற்குக் கட்டுப்பாட்டுக் கைப்பிடி இருக்கும். பெட்டியின் உச்சியில் துளையிட்ட குழாய்கள் வழியாகச் சூடான காற்று பாய்ந்து, விறகிலிருந்து கிளம்பும் புகையையே எரிக்கும். சில மாடல்களில் அந்த வேலையை ஒரு வினையூக்கி செய்யும். இரண்டில் எதுவானாலும் விறகின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீட்டுக்குள் தங்கும். எரிவதற்கு அது கேட்கும் காற்று நிமிடத்துக்குச் சில பத்துக் கன அடிதான்.

“அண்ணை, பெட்டியை மட்டும் வாங்கித் தாறன், நீங்கள் உள்ளே தள்ளி விடுங்கோ” என்று கேட்பவர்கள் நிறைய. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வட அமெரிக்காவில் அப்படித்தான் ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் தள்ளிவிட்டார்கள். பெட்டியின் வாயிலிருந்து வந்த புகை, மேலே இருந்த அகலமான பழைய புகைவழிக்குள் தான்தோன்றியாகப் போயிற்று. அகலமான இடத்தில் புகை மெதுவாகும், மெதுவானால் ஆறும், ஏறக்குறைய 120 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறினால் அதிலுள்ள ஆவிகள் சுவரில் தாராகப் படியும். அந்தப் படிவுதான் கிரியோசோட். அது தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் 1,000 பாகைக்கு மேல் போகும். இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் புகைபோக்கியைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் இதுதான். பெட்டி கடையில் கிடைக்கும் பொருள். வேலை முழுவதும் புகைபோக்கிக்குள் நடக்கிறது. மதிப்பீட்டில் லைனர் (பழைய புகைவழிக்குள் இறக்கும் உலோகக் குழாய்), அதன் காப்பு, கூலி மூன்றும் சேர்ந்து பெட்டியின் விலையை எட்டிப்பிடித்தால் அதிர்ச்சியடையாதீர்கள். அந்த வரிகள் இல்லாத மலிவான மதிப்பீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தலையை உள்ளே விடுங்கள். பக்கச் சுவர்களும் பின்சுவரும் நிஜச் செங்கல், மேலே சரிந்து குறுகும் செங்கல் தொண்டை, அங்கே புகைவழியைத் திறந்து மூடும் ஓர் இரும்பு டாம்பர், அதற்கு மேல் சுட்டமண் குழாய் தெரிந்தால் அது கட்டுவேலை ஃபயர்பிளேஸ். இந்த அத்தியாயம் அதற்குரியது.

செங்கல் போல வார்த்த பலகைகளுக்குப் பின்னால் தகரம் தெரிந்தால், அல்லது கூரைக்கு மேலே செங்கல்லுக்குப் பதில் வட்ட உலோகக் குழாய் நின்றால், அது தொழிற்சாலையில் செய்து மரச்சட்டத்துக்குள் பொருத்தியது. 1970களுக்குப் பிந்திய வீடுகளில் இதுவே அதிகம். வாயின் உட்பக்கத்தில் எங்காவது ஓர் உலோகச் சீட்டு இருக்கும். தயாரித்தவர், மாடல் எண், எதைச் செருகலாம், எதைச் செருகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தயாரிப்பாளரும் இன்சர்ட் தயாரிப்பாளரும் இருவருமே எழுத்தில் சம்மதித்தால் ஒழிய அதற்குள் இன்சர்ட் வைக்கக் கூடாது. அதன் பின்னால் மரம் சில அங்குலத் தூரத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பழையதை முழுவதுமாகக் கழற்றிவிட்டுப் புதிய ஃபயர்பிளேஸ் தொகுதி வைப்பதுதான் சரியான வழி.

இன்னொன்று: உள்ளே ஒரு சின்ன எரிவாயுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா? விறகு பற்றவைக்கப் பழைய உரிமையாளர் வைத்த கேஸ் லைட்டராக இருக்கலாம். உரிமம் பெற்ற எரிவாயுத் தொழிலாளி அதைத் துண்டித்து மூடிய பிறகுதான் மற்ற வேலை. ஃபயர்பிளேஸின் புகைவழிக்குள் ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ திறக்கிறதா என்பதையும் அடித்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விறகுக்கும் எரிவாயுவுக்கும் ஒரே புகைவழி ஆகாது.

காகித வேலை

ஒன்ராறியோவில் விறகு எரிக்கும் சாதனத்தைப் பொருத்த மாநகராட்சியின் கட்டட பெர்மிட் வேண்டும். கனடாவில் பொருத்தும் முறையைச் சொல்வது சி.எஸ்.ஏ. பி-365 என்ற விதித்தொகுப்பு. இன்சர்ட் யூ.எல்.சி. எஸ்-628 சோதனையில் தேறியிருக்க வேண்டும், லைனர் எஸ்-635 அல்லது எஸ்-640 சோதனையில் தேறியிருக்க வேண்டும். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். மதிப்பீட்டிலும் பெட்டியின் பின்புறச் சீட்டிலும் இவை இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

‘வெட்’ சான்று என்று எல்லோரும் சொல்வார்கள். அது விறகுச் சாதனங்களைப் பொருத்தவும் சோதிக்கவும் பயிற்சி பெற்றவர்களுக்கான தொழில்முறைச் சான்று. அதைக் கேட்பது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனம். ஆகவே பெட்டி வாங்குவதற்கு முன்பே இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்யுங்கள். சில நிறுவனங்கள் கட்டணத்தைக் கூட்டும், சில விறகு என்றாலே மறுத்துவிடும். சொல்லாமல் பொருத்திவிட்டுத் தீவிபத்துக்குப் பிறகு கோரிக்கை வைத்தால் என்ன பதில் வரும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

மொன்றியலில் இருப்பவர்களுக்கு விதி இன்னும் கடுமை. 2018 அக்டோபர் 1 முதல் அங்கே மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் விறகுச் சாதனத்தை எரிக்கக் கூடாது, புகைமூட்ட எச்சரிக்கை நாட்களில் எதையுமே எரிக்கக் கூடாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (ஈ.பி.ஏ.) 2020 மேயிலிருந்து புதிய சாதனங்களுக்கு வைத்த வரம்பு மணிக்கு 2 கிராம். நிஜ விறகுக்கட்டைகளால் சோதித்தால் 2.5. கனடாக் கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கும் சேர்த்துச் செய்தவை என்பதால், எங்கே இருந்தாலும் அந்த 2020 முத்திரை உள்ளதையே வாங்குங்கள். பழைய பெட்டி இலவசமாகக் கிடைக்கிறது என்று நண்பர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

புகைபோக்கியைச் சோதித்தல்

சோதனையை வெட் சான்று உள்ளவரைக் கொண்டு செய்யுங்கள். அதில் 3 நிலைகள் உண்டு. முதல் நிலையில் கண்ணுக்கும் கைக்கும் எளிதில் எட்டுவதை மட்டும் பார்ப்பார்கள். வீடு வாங்கும்போது கிடைக்கும் அறிக்கை பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். இன்சர்ட் வேலைக்கு அது போதாது. புகைவழிக்குள் கேமரா இறக்கும் இரண்டாம் நிலையைக் கேளுங்கள். மூன்றாம் நிலை என்றால் எதையாவது உடைத்துப் பார்ப்பது. கேமராவில் சந்தேகம் வந்தால் மட்டும் அது.

கேமராவில் பார்க்க வேண்டியவை: சுட்டமண் குழாய்களில் நெடுக்கு விரிசல், ஒன்றுக்கொன்று விலகிய இணைப்புகள், இணைப்புகளில் பிதுங்கி இறுகிய சாந்து, வளைவுகள், பளபளவென்று கண்ணாடிபோல் படிந்த கிரியோசோட். கடைசியாகச் சொன்னது தூரிகைக்கு வராது. சுழலும் சங்கிலிக் கருவியோ மருந்தோ வேண்டும். அதைச் சுரண்டாமல் மேலே லைனர் இறக்கினால் எரிபொருளைச் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே பூட்டி வைத்ததாகிவிடும்.

வெளியே நின்று பார்க்க வேண்டியவையும் உண்டு. உச்சியில் சிமென்ட் மூடி வெடித்திருக்கிறதா, செங்கல் முகம் உதிர்கிறதா, கூரையோடு சேரும் தகடு தூக்கிக்கொண்டிருக்கிறதா? ஒன்ராறியோவில் உறைவதும் உருகுவதுமாக இருக்கும் நீர் செங்கல்லைத் தின்றுவிடும். இவற்றைச் செப்பனிட்ட பிறகே லைனர்.

உயரத்துக்கு எளிய விதி: கூரையைத் தொடும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடித் தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியைவிடவும் 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். தவிர, பல இன்சர்ட்களின் கையேடு பெட்டியிலிருந்து உச்சி வரை 15 அடியாவது கேட்கும். ஒரு மாடி பங்களா வீடுகளில் இது இடிக்கும். அப்போது உச்சியில் நீட்டிப்புக் குழாய் வைக்க நேரும்.

லைனர்

அமெரிக்காவில் இன்னும் சிலர் பெட்டியிலிருந்து முதல் சுட்டமண் குழாய் வரை மட்டும் குட்டை இணைப்புக் கொடுக்கிறார்கள். கனடாவில் இன்சர்ட் கையேடுகள் பெட்டியிலிருந்து உச்சி வரை ஒரே தொடர்ச்சியான லைனரைக் கேட்கின்றன. நல்ல விதி.

பெரும்பாலான இன்சர்ட்களின் புகைவாய் 6 அங்குல விட்டம், அதாவது ஏறக்குறைய 28 சதுர அங்குலம். உங்கள் வீட்டுச் சுட்டமண் குழாய் 8-க்கு 12 வகை என்றால் உட்பரப்பு 80 சதுர அங்குலத்தைச் சுற்றி இருக்கும். 28-இலிருந்து 80-க்குப் புகை விரியும்போது வேகம் மூன்றில் ஒன்றாகிறது. வீட்டின் வெளிச்சுவரோடு ஒட்டி ஏறும் புகைபோக்கியில், ஜனவரி மாதத்தில், அந்தப் புகை உச்சி சேர்வதற்குள் ஆறிப்போகும். 6 அங்குல லைனர் போட்டால் புகை சூடாகவே வேகமாக வெளியேறும். இழுவை நன்றாக இருக்கும். படிவு குறையும். துப்புரவும் எளிது. பெட்டியின் வாய் 6 என்றால் லைனரும் 6. இடமில்லை என்பதற்காக 5 அங்குலத்துக்கு இறங்கலாமா என்பதைக் கையேடு அனுமதித்தால் மட்டும் யோசியுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் விறகுக்கு 316 ரகத்தைக் கேளுங்கள். அலுமினியம் எரிவாயுவுக்கானது. நேரான புகைவழி என்றால் விறைப்பான குழாய்த் துண்டுகளை இணைத்து இறக்குவது நீடிக்கும். வளைவு இருந்தால் நெளியும் குழாய். நெளிகுழாயிலும் மெல்லியது, தடித்தது என்று உண்டு. வருடம்தோறும் தூரிகை உரசப்போகும் பொருள் என்பதால் தடித்ததற்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்போகாது.

காப்பு போடுவதா வேண்டாமா என்று ஒப்பந்தக்காரர் கேட்டால், போடுங்கள். அரை அங்குல செராமிக் பஞ்சுப் போர்வையைச் சுற்றி, அதன்மேல் ஸ்டெயின்லெஸ் வலையை இழுத்து இறுக்குவார்கள். சட்டம் இதைக் கேட்பதற்குக் காரணம், பழைய புகைபோக்கிச் செங்கல்லுக்கும் வீட்டு மரச்சட்டத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி பெரும்பாலான வீடுகளில் இல்லை. மரம் செங்கல்லைத் தொட்டுக்கொண்டே நிற்கும். காப்பு அந்தக் குறையை ஈடுசெய்கிறது, புகையையும் சூடாக வைத்திருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் வரும். காப்போடு சேர்த்தால் 6 அங்குல லைனர் 7 அங்குலத்தைத் தாண்டிவிடும். 8-க்கு 8 வகைச் சுட்டமண் குழாயின் உள்ளளவு 7 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். நுழையாது. அப்போது இரண்டு வழி: சுட்டமண் குழாய்களை உள்ளிருந்தே உடைத்து வெளியேற்றுவது, அல்லது அதே பரப்புள்ள முட்டைவடிவ லைனர். முதலாவது தூசியும் கூலியும் கூடிய வேலை, ஆனால் பிறகு வட்டக் குழாய் காப்போடு தாராளமாக இறங்கும். காப்பைக் கழற்றிவிட்டு இறக்கிவிடலாம் என்ற மூன்றாவது யோசனையை ஏற்காதீர்கள்.

அளவெடுத்தலும் பெட்டித் தேர்வும்

ஃபயர்பிளேஸின் உள்வடிவம் முன்னால் அகன்று பின்னால் குறுகும். பின்சுவர் மேலே போகப் போக முன்பக்கம் சாயும். ஆகவே ஒரு அகலமும் ஒரு உயரமும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பெட்டி வழியில் நின்றுவிடும். முன் அகலம், பின் அகலம், முன் உயரம், பின்சுவர் சாயத் தொடங்கும் உயரம், தரையில் ஆழம், மேலே ஆழம் எல்லாவற்றையும் எடுங்கள். லிண்டல் இரும்பு வாயின் உச்சியில் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதையும் குறியுங்கள். அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, வாங்கப்போகும் மாடலின் அளவில் ஒன்று செய்து உள்ளே தள்ளிப் பார்ப்பது குழந்தை விளையாட்டு போலத் தோன்றும். 200 கிலோ இரும்பைத் திருப்பி அனுப்புவதைவிட அது மேல்.

பெட்டி எவ்வளவு பெரிது வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரு படி மேலே போகிறார்கள். பெரிய பெட்டியில் சூடு தாங்காமல் காற்றை அடைத்து, விறகைப் புகையவிட்டு எரிப்பார்கள். கண்ணாடி கறுக்கும், லைனரில் கிரியோசோட் ஏறும். ஓரளவு காப்புள்ள சராசரி வீட்டுக்கு 2 முதல் 2.5 கன அடி எரியறை போதும். இரவு முழுவதும் தணல் நிற்க வேண்டும், வீடும் பெரிது என்றால் 3.

வடிவத்தில் என் பக்கச்சார்பை ஒளிக்கப்போவதில்லை. சுவரோடு சமமாக நிற்கும் பெட்டி கண்ணுக்கு அழகு. ஆனால் அதன் வெப்பத்தில் பெரும்பகுதியை அறைக்குத் தள்ளுவது மின்விசிறி. 1998 ஜனவரிப் பனிமழையில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் சில வீடுகளுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. சிலருக்கு நத்தார் கழிந்தும் வரவில்லை. எரிவாயு ஃபர்னஸ் இருந்தும் அதன் விசிறி ஓடாமல் வீடுகள் குளிர்ந்தன. நம்மவர் பலர் இன்சர்ட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதே அந்த மாதிரி இரவுக்குப் பிறகுதான். அதற்காக வாங்குகிறீர்கள் என்றால், சில அங்குலம் முன்னால் நீண்டு நிற்கும் பெட்டியை எடுங்கள். நீண்ட பகுதியின் மேல்தட்டும் பக்கங்களும் விசிறி இல்லாமலே வெப்பம் வீசும். மேல்தட்டில் கேத்தல் வைத்துத் தேநீருக்குத் தண்ணீரும் கொதிக்கவைக்கலாம்.

நீண்ட பெட்டிக்கு ஒரு விலை உண்டு: தரைக்கல். கனடா விதிப்படி கதவுக்கு முன்னால் 18 அங்குலமும் பக்கங்களில் 8 அங்குலமும் எரியாத தரை வேண்டும். பழைய தரைக்கல் பெரும்பாலும் 16 அங்குலமே இருக்கும். பெட்டி 8 அங்குலம் நீண்டால் மிச்சம் 8. இன்னும் 10 அங்குலம் நீட்டியாக வேண்டும். சில பெட்டிகளுக்குத் தணல் விழாமல் காக்கும் தகடு போதும், சிலவற்றுக்கு அடியில் வெப்பத்தையும் தடுக்கும் பலகை வேண்டும். கையேட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் டைல் ஒட்டாதீர்கள். டைலுக்குக் கீழே மரத்தரை சூடாகிக்கொண்டே இருக்கும்.

மேலே மேன்டல் பலகை மரமா? பெட்டிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பதும் கையேட்டில் இருக்கும். அதன்மேல் தொங்கும் தொலைக்காட்சியை வேறு சுவருக்கு மாற்றுங்கள். சுவாமிப் படத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலையையும்.

பொருத்தும் நாட்கள்

கூரையில் ஏறிச் செய்யும் வேலை என்பதால் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபர் பிற்பகுதியில் நல்ல ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். இதை நீங்களே செய்ய ஒன்ராறியோவில் தடையில்லை, பெர்மிட் எடுத்து ஆய்வாளரிடம் காட்ட வேண்டும் என்பதைத் தவிர. இருந்தாலும் நான் கூரை வேலையைப் பழகியவரிடம் விடச் சொல்வேன். கீழ்வேலையில் கூட நின்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள், பிறகு அவை சுவருக்குள் மறைந்துவிடும்.

முதலில் புகைபோக்கியைத் துப்புரவு செய்வார்கள். டாம்பர் தகட்டைக் கழற்றி எடுப்பார்கள்; அதன் இரும்புச் சட்டம் வழிமறித்தால் அதில் ஒரு வாய் வெட்டுவார்கள். பழைய தரையில் சாம்பல் விழும் பொறிக்கதவு இருந்தால் அதை அடைத்துவிட வேண்டும்.

பிறகு லைனரைப் புல்தரையில் நீட்டி, காப்பைச் சுற்றி, வலையை இழுப்பார்கள். குழாயின்மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது மேல்நோக்கி இருக்க வேண்டும். முனையில் கூம்பு மாட்டி, கயிறு கட்டி, மேலே ஒருவர் கொடுக்கக் கீழே ஒருவர் இழுப்பார். கிணற்றுக்குள் வாளி இறக்குவது போல நிதானம் வேண்டிய வேலை. பிதுங்கிய சாந்தில் வலை மாட்டினால் பலமாக இழுக்காமல் கொஞ்சம் தூக்கித் திருப்பி மறுபடி இறக்க வேண்டும். கிழிந்த காப்பை உள்ளே போன பிறகு தைக்க முடியாது. உச்சியில் மூடித் தகடு வைத்து, அதில் லைனரைப் பிடித்து, ஓரங்களைச் சிலிக்கனால் அடைத்து, மேலே மழைத்தொப்பி.

கீழே செய்யும் ஒரு வேலையைப் பல ஒப்பந்தக்காரர்கள் விட்டுவிடுவார்கள், கேட்டால் ஒழிய. டாம்பர் இருந்த மட்டத்தில் லைனரைச் சுற்றி ஓர் அடைப்புத் தகடு வைப்பதுதான் அது. அது இல்லாவிட்டால் பெட்டியின் மேலே சூடாகும் காற்று பழைய புகைவழிக்குள் ஏறி, செங்கல்லைச் சூடாக்கிவிட்டுத் தெருவுக்குப் போகும். அறைக்கு வர வேண்டிய வெப்பம். அட்டையில் வடிவம் வெட்டிப் பார்த்து, அதன்படி தகரத்தை இரண்டு பாதியாக வெட்டி, குழாயைச் சுற்றிச் சேர்த்துச் சுவரில் திருகி, மேலே கல்பஞ்சு அல்லது செராமிக் பஞ்சு அடைத்து, விளிம்புகளைச் சூடுதாங்கும் சிலிக்கனால் பூச வேண்டும். மாடி அட்டிக்கில் போடும் இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சை இங்கே அடைக்கக் கூடாது; அதன் பசை சூட்டில் கருகும். மதிப்பீடு வாங்கும்போதே “அடைப்புத் தகடு” என்று ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.

பெட்டி 150 முதல் 250 கிலோ வரும். உள்ளே உள்ள செங்கற்களையும் கதவையும் கழற்றினால் நன்றாகக் குறையும். தரைக்கல்லைக் கீறாமலிருக்கத் தடித்த அட்டை விரித்து, அதன்மேல் சறுக்கித் தள்ளுவார்கள். எரியறைத் தரை தரைக்கல்லைவிடத் தாழ்ந்திருந்தால் பெட்டியின் மட்டத் திருகுகளால் உயர்த்திக்கொள்ளலாம். பிறகு பெட்டியின் உட்புறத் தடுப்புத் தகட்டைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, லைனரின் முனையைப் புகைவாயில் இருத்தி, குறைந்தது 3 ஸ்டெயின்லெஸ் திருகுகளால் பிடிக்க வேண்டும். லைனர் சும்மா செருகிக்கொண்டு நிற்பது போதாது. புகைபோக்கித் தீ வந்தால் குழாய் உதறும். கழற்றிய தடுப்புத் தகட்டைத் திரும்ப வைத்தார்களா என்று பாருங்கள். அதை மறந்துவிட்டு எரித்தால் சுவாலை நேராக லைனருக்குள் போகும்.

பெட்டியைச் சுற்றியுள்ள இடைவெளியை மறைக்கும் சுற்றுத் தகடுகளை மாட்டுவதற்கு முன் ஆய்வாளர் வரட்டும். பழைய ஃபயர்பிளேஸை மாற்றியமைத்திருக்கிறார்கள், திறந்த நெருப்புக்கு மறுபடி பயன்படுத்துமுன் தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறிய உலோக அறிவிப்பை உள்ளே பொருத்தச் சொல்லும் கையேடுகள் உண்டு. நாளை இந்த வீட்டை வாங்கிப் பெட்டியைக் கழற்றப்போகும் யாருக்கோ எழுதும் எச்சரிக்கை அது. பொருத்திவிடுங்கள்.

முதல் நெருப்பும் சமையலறை விசிறியும்

முதல் 3 நெருப்புகள் சிறியவை. பெட்டியின் சாயம் இறுகும்போது புகையும் நெடியும் வரும், புகை எச்சரிக்கை மணி அலறும். யன்னல்களைத் திறந்து வையுங்கள், ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அந்த நாளில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

கதவைத் திறந்தால் புகை அறைக்குள் வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, “அடுப்படியில் என்ன நடக்கிறது?” நம் வீடுகளில் பொரியலுக்கும் தாளிப்புக்கும் என்று நிமிடத்துக்கு 600 கன அடி, அதற்கு மேலும் இழுக்கும் விசிறி வைத்திருப்பார்கள். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அது ஓடினால் வெளியேறும் காற்றுக்கு ஈடு எங்கிருந்தாவது வர வேண்டும். அகலமான வழி லைனர்தான். புகைபோக்கி தலைகீழாக வேலை செய்யத் தொடங்கும், நெருப்பு தணலாகி இழுவை குறைந்த நேரத்தில் அதனோடு கார்பன் மொனொக்சைடும் வரும். விறகு எரியும்போது அந்த விசிறியைக் குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள், அருகில் ஒரு யன்னலைச் சற்றுத் திறந்து. வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் விசிறியோடு சேர்ந்து திறக்கும் ஈடுகாற்று வழியையும் வைத்துவிடுங்கள். 2014 முதல் ஒன்ராறியோவில் எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வையுங்கள்.

கண்ணாடிக் கதவு கையைப் பொசுக்கும் அளவு சூடாகும். தவழும் குழந்தை இருந்தால் சுவரில் பூட்டும் இரும்பு வேலி வேண்டும்.

விறகு

எவ்வளவு நல்ல பெட்டியையும் ஈரவிறகு தோற்கடித்துவிடும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மலிவான ஈரமானி ஒன்று வாங்கி, கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பட்டையில் குத்தினால் அது பொய் சொல்லும். ஆஷ் மரம் பிளந்து அடுக்கி ஒரு வருடத்தில் காயும். ஓக்குக்கு இரண்டு வருடம். மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு 2002-இல் டெட்ராயிட், வின்சர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது முதல் ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வருகிறது. அதனால் ஆஷ் விறகு நிறையக் கிடைக்கும். அதே காரணத்தால் காட்டேஜிலிருந்து விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கொண்டுபோகாதீர்கள். எரிக்கும் இடத்துக்கு அருகிலேயே வாங்குங்கள்.

விலை பேசும்போது ‘கோர்ட்’ என்றால் என்ன என்று கேளுங்கள். முழுக் கோர்ட், இங்கே புஷ் கோர்ட் என்பார்கள், 4-க்கு 4-க்கு 8 அடி, 128 கன அடி. ‘ஃபேஸ் கோர்ட்’ என்பது 16 அங்குலக் கட்டைகளின் ஒற்றை வரிசை, அதில் மூன்றில் ஒன்று. இரண்டின் பெயரிலும் கோர்ட் இருப்பதால் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

முதல் குளிர்காலத்தில்

கதவைச் சுற்றியுள்ள கயிற்று கேஸ்கெட்டைச் சோதிக்க, பெட்டி ஆறியிருக்கும்போது ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். எளிதாக வந்தால் தாழ்ப்பாளை இறுக்க வேண்டும், அல்லது கயிற்றை மாற்ற வேண்டும்.

சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் அல்லாமல் கல்லிலோ மண்ணிலோ வையுங்கள். சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். காகிதப் பைக்கோ பச்சைத் தொட்டிக்கோ அது போகக் கூடாது.

வருடத்துக்கு ஒருமுறை துப்புரவு என்பது பொதுவிதி. முதல் குளிர்காலத்தில் மட்டும் நடுவில், ஜனவரி வாக்கில், இன்னொரு தடவை செய்யுங்கள். அப்போது வரும் படிவைப் பாருங்கள். பழுப்பும் சாம்பலுமாக உலர்ந்த பொடி கொஞ்சம் வந்தால் உங்கள் விறகும் எரிக்கும் முறையும் சரி. அடுத்த துப்புரவை வசந்தத்துக்குத் தள்ளலாம். கறுப்புச் செதில்கள் நிறைய வந்தால் விறகின் ஈரத்தை மறுபடி அளந்து பாருங்கள், இரவில் காற்றை அடைத்துவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். தாராக ஒட்டினால் அன்றைக்கு நெருப்பு வேண்டாம். லைனரின் உச்சியிலும் அடைப்புத் தகட்டிலும் எங்கே குளிர்காற்று புகுகிறது என்று பொருத்தியவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெர்மிட், வெட் அறிக்கை, கையேடு, நீங்கள் எடுத்த படங்கள், துப்புரவு ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் வீடு விற்கும்போதும் அவற்றைக் கேட்பார்கள்.